வாடகை விருந்தினரும் இல்லறத்தான் கடமையும்

விருந்தோம்பல் அறம், அறையை வாடகைக்கு விடுதல் வாணிகம். இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் ஒருங்கே நிற்கக் கூடுமா? பணம் பெற்றுக்கொண்டு தன் இல்லத்தில் இடமளிப்பவன் விருந்தோம்புவானா, வணிகனா? இவ்வினாவை யான் நெடுநாள் ஏட்டளவில் அறிந்திருந்தேன். சென்ற ஐப்பசி தொடங்கிப் பங்குனி முடிய ஆறு திங்கள் யானே அத்தொழிலைச் செய்து பார்த்த பின்னர்தான் அதன் கனம் விளங்கிற்று. அந்த முதற் பருவத்தில் கற்றவற்றை, என் பிழைகளையும் மறையாது, அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

பெங்களூரின் பழைய தண்டுப் பகுதியில், அல்சூர் ஏரிக்கு அணித்தாக எங்கள் வீடு உள்ளது. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை சீரங்கப்பட்டணத்தினின்று இங்குப் பெயர்ந்த காலந்தொட்டுத் தமிழர் பலர் படையினராகவும், பணியாளராகவும், கொத்தராகவும் தச்சராகவும் இப்பகுதியில் குடியேறினர். என் தந்தையார் கோலார் தங்கவயலில் பிறந்தவர். 1971-இல் வேலையின் பொருட்டு இந்நகருக்கு வந்தார். அவர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீட்டின் மாடியில் இரண்டு அறைகள் உள. பிள்ளைகள் வெளியூர் சென்ற பின் அவை பூட்டிக் கிடந்தன. யானும் பணியினின்று ஓய்வு பெற்றேன். என் துணைவியாரின் மருத்துவச் செலவோ ஆண்டுதோறும் ஏறிற்று. ஆகவே, வழிப்போக்கர்க்குக் கைப்பேசி வாயிலாக அறை தேடித் தரும் நிறுவனம் ஒன்றில் எங்கள் மாடியைப் பதிந்து கொண்டோம்.

இத்தொழில் இன்றுள்ள வடிவில் தோன்றி இருபது ஆண்டுகள்கூட நிறையவில்லை. 2007-ஆம் ஆண்டு அக்டோபரில், சான்பிரான்சிஸ்கோ நகரில் வீட்டு வாடகை கட்ட இயலாத இளைஞர் இருவர், மாநாடு ஒன்றுக்கு வந்த மூவர்க்குத் தம் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளை விரித்துப் பணம் பெற்றனர். அம்மூவருள் ஒருவர் நம் நாட்டு மாணவர். அதினின்று எழுந்ததே ஏர்பிஎன்பி என்னும் நிறுவனம். வறுமையில் தொடங்கிய அவ்வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. எங்கள் மாடிக்கும் அவ்வழியே பலர் வந்தனர். கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கு நோயாளரை அழைத்துவந்த வங்காளத்தாரும் திரிபுரத்தாரும், வேலைக்கு நேர்முகம் காண வந்த இளைஞரும், தேர்வெழுத வந்த மாணவரும், செர்மானிய நாட்டு முதிய தம்பதியரும் அவருள் அடங்குவர்.

முதற்கண், இத்தொழில் நல்வாழ்க்கை நெறிக்கு மாறானதா என்று பார்ப்போம். உபாசகன் விலக்க வேண்டிய வாணிகங்கள் ஐந்து என்று பகவர் வகுத்தார். ஆயுதம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு என்பன அவை. இடமளித்துக் கூலி பெறுதல் அவற்றுள் இல்லை. மேலும், நேர்வழியில் ஈட்டிய பொருளைச் செலவிடும் முறையை அனாதபிண்டிகருக்கு உரைக்குங்கால், உறவினர், விருந்தினர், மறைந்த முன்னோர், அரசு, தேவர் ஆகிய ஐவர்க்கும் பங்களிக்குமாறு கூறியதாக அங்குத்தர நிகாயம் தெரிவிக்கின்றது. விருந்தும் அரசிறையும் ஒரே வரிசையில் நிற்பது கருதத்தக்கது. அயல்நாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்னும் சட்டத்தை யான் இவ்வரிசையில் வைத்தே ஏற்றுக்கொண்டேன். அது தொல்லையன்று, கடமையின் ஒரு பகுதி. ஆகவே, தொழில் குற்றமற்றது. செய்யும் முறையிலேதான் குற்றமும் குணமும் பிறக்கின்றன.

அம்முறையில் யான் கற்ற முதற்பாடம் வாய்மையைப் பற்றியது. அறையைப் பற்றிய விவரத்தை என் மகன் எழுதித் தந்தான். 'அமைதியான சூழல்' என்பது அதன் முதல் தொடர். படங்களையோ, பத்தடி அறை பதினைந்தடியாகத் தோன்றும்படி எடுத்திருந்தான். ஊரில் யாவரும் செய்வதுதானே என்று யானும் வாளாவிருந்தேன். தை மாதத்தில் சேலத்தினின்று ஓர் ஆசிரியை தம் மகளைத் தேர்வுக்கு அழைத்து வந்தார். அன்றிரவு எங்கள் தெருமுனைத் திருமண மண்டபத்தில் நள்ளிரவு தாண்டியும் ஒலிபெருக்கி ஓயவில்லை. அந்தப் பெண் இரவெல்லாம் உறங்காமல், சிவந்த கண்களோடு தேர்வுக்குப் புறப்பட்டாள். ஆசிரியை என்னைக் கடிந்து கொள்ளவில்லை. "ஐயா, இரைச்சல் உண்டென்று ஒரு வரி எழுதியிருந்தால் வேறிடம் பார்த்திருப்போமே" என்று மட்டும் சொன்னார்.

நான்காம் சீலத்தை நாள்தோறும் ஓதும் வாய் எனது. ஆயினும், விளம்பரத்தில் கூறும் பொய்யைப் பொய்யென்று யான் எண்ணியதே இல்லை. அதை மிகைப்படுத்தல் என்றே கருதினேன். நேரில் ஒருவர் முகம் பார்த்துச் சொல்லக் கூசும் ஒன்றை, முகம் தெரியாத ஆயிரவர்க்கு எழுதுங்கால் கூசாதது ஏன்? கேட்போன் கண்முன் இல்லாமையால் பொய்யின் பயனும் கண்முன் இல்லை, அதுவே காரணம். அப்பெண்ணின் சிவந்த கண்களில்தான் அப்பயனைக் கண்டேன். அன்றே விவரத்தைத் திருத்தினோம். மண்டபம் அருகில் உள்ளது; முகூர்த்த நாட்களில் இரைச்சல் மிகுதி; அறை சிறிது; படிகள் செங்குத்தானவை என்று எழுதினோம். இரண்டு வாரம் வருவார் குறைந்தனர். பிறகு வந்தோர் எல்லாவற்றையும் அறிந்தே வந்தனர், முறையிடவில்லை.

இரண்டாம் பாடம் புகழைப் பற்றியது. தங்கிச் செல்வோர் வீட்டாருக்கு ஐந்து விண்மீன்கள் வரை மதிப்பளிப்பர். அம்மதிப்பு யாவரும் காண வெளியிடப்படும். ஒருவர் எனக்கு நான்கு அளித்தார். குறைந்த அந்த ஒன்றை எண்ணி மூன்றிரவு யான் உறங்கவில்லை என்று கூற வெட்கப்படுகின்றேன். பேறும் இழப்பும், புகழும் புகழின்மையும், ஏச்சும் பாராட்டும், இன்பமும் துன்பமும் ஆகிய எட்டு உலக இயல்புகளைப் பற்றி மேடையேறி உரையாற்றியவன் யான்; ஒரு விண்மீனின் முன் அவ்வுரை நில்லாது போயிற்று. இதில் நகைப்பைவிடக் கவலைக்கே இடம் மிகுதி. மதிப்பெண் வேட்கை மிகுந்தபின் யான் விருந்தினரின் வசதியைக் கவனிப்பதை விட்டு, அவர் கையைக் கவனிக்கலானேன். மருத்துவமனையினின்று மனமுடைந்து வந்த ஒருவரிடம், "மதிப்பெண் இட மறவாதீர்கள்" என்று கூறிய நாளும் உண்டு. அவர் அன்று கேட்டிருந்தது ஒரு குவளை வெந்நீர். அதை என் துணைவியார்தாம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மூன்றாம் பாடமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மாசியில் ஒரு மாலை, அசாமினின்று ஒருவர் அறை வேண்டி விண்ணப்பித்தார். தந்தையாரைக் கித்வாய் மருத்துவமனையில் காட்ட வேண்டும்; ஆறு நாட்கள் தங்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் பெயர் ஒரு முஸ்லிம் பெயர். அண்டை வீட்டார் ஒருவர் சில நாட்களுக்கு முன், "யாரை வேண்டுமானாலும் ஏற்றுங்கள், அவர்களை மட்டும் ஏற்றாதீர்கள், தெருவுக்குத் தொல்லை" என்று சொல்லியிருந்தார். அச்சொல் நினைவுக்கு வந்தது. வீண் வம்பு எதற்கு என்று எண்ணினேன். "அறை நிரம்பிவிட்டது" என்று விடை அனுப்பினேன். இதற்குச் சென்ற நேரம் அரை நிமிடம்.

இரவு, மாடித் தாழ்வாரத்து விளக்கை அணைக்கச் சென்றேன். அறை திறந்திருந்தது. விரித்த படுக்கையும், மடித்து வைத்த துண்டுகளும், நீர் நிறைந்த கூசாவும் அப்படியே இருந்தன. அங்கு நின்றபோது என் தந்தையார் பலமுறை கூறிய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. 1971-இல் அவர் இந்நகரில் வீடு தேடி அலைந்தபோது, வாயிலில் 'வாடகைக்கு விடப்படும்' என்ற பலகை தொங்கும் வீடுகளிலேயே, "வீடு காலியில்லை" என்றனர். ஊர் எது, தெரு எது, தங்கவயலில் எந்த வரிசை வீடு என்று கேட்டபின் வந்த விடை அது. பதினோராவது வீட்டில் அவர், "அப்படியானால் அந்தப் பலகையைக் கழற்றிவிடுங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தாராம். ஐம்பதாண்டுகளுக்குப் பின் அதே விடை, அவர் கட்டிய வீட்டினின்றே, அவர் மகன் கையாலேயே வெளிப்பட்டது.

நம்மனைவர்க்கும் தெரிந்த வரலாறு ஒன்றை இங்கு நினைவூட்ட வேண்டும். 1917-இல் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டினின்று திரும்பிப் பரோடா சமத்தானத்தில் பணியேற்கச் சென்றபோது அவருக்குத் தங்க இடமில்லை. பார்சிகளுக்கென்று இருந்த விடுதி ஒன்றில் நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு இடம் கிடைத்தது. அவர் பார்சி அல்லர் என்று விடுதிக் காவலர் கண்டுகொண்டார். எனினும், வேறு எவரும் தங்காது வெறிச்சோடிக் கிடந்த விடுதிக்கு வருவாய் வேண்டியிருந்தது. ஆகவே பதிவேட்டில் பார்சிப் பெயரொன்றை எழுதிக்கொள்ள இருவரும் இசைந்தனர். பதினோராம் நாள் தடியேந்திய பார்சிகள் ஏறத்தாழப் பன்னிருவர் வந்து, மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டினர். அவர் நண்பர் இருவரை நாடினார். இந்து நண்பர், தாம் இடமளித்தால் தம் வேலையாட்கள் நீங்கிவிடுவர் என்றார். கிறித்தவ நண்பர், மனைவியைக் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். அண்ணல் பூங்கா ஒன்றில் அமர்ந்திருந்து இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார்.

இவ்வரலாற்றை நாம் பெரும்பாலும் விருந்தினர் நிலையினின்றே கேட்டிருக்கின்றோம். வீட்டார் நிலையினின்று ஒருமுறை காண்க. பதிவேட்டில் ஒரு பொய் ஏறிற்று; அதற்கு யார் பொறுப்பு? தெருவில் நிற்க நேர்ந்தவர் தம் பெயரை மறைத்தார். ஆனால் அப்பெயரைக் கேட்டே கதவு திறக்கும் என்று விதித்தது விடுதி. உண்மை கூறினால் கதவு மூடும் என்னும்படி ஒரு கேள்வியைக் கேட்பவன், அக்கேள்விக்கு விடையாக வரும் பொய்யில் பங்காளன் ஆகின்றான். இன்றும் பெங்களூரில் குலத்தை நேரே கேட்பார் அரியர்; "நீங்கள் சைவமா?" என்று கேட்பார் மிகப் பலர். அக்கேள்விக்கு அஞ்சி உணவை மறைத்தும், பெயரின் பிற்பாதியை மறைத்தும் வாழும் இளைஞரை நம் குடும்பங்களிலேயே காணலாம்.

இஃது ஓர் ஊரின் குறையன்று. சுகதேவ் தோரட் முதலிய அறிஞர்கள் தில்லியிலும் அதன் சுற்று நகரங்களிலும் ஆய்ந்து 2015-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒத்த தகுதியுடையோர் வாடகை வீடு கேட்டபோது உயர்சாதி இந்துக்களுக்கு இசைந்தோர் தலித்துகளைத் தயங்கி மறுத்தனர் என்றும், முஸ்லிம்களை அதனினும் மிகுதியாக மறுத்தனர் என்றும் காட்டினர். அமெரிக்காவில் ஐந்து நகரங்களில், சுமார் 6,400 ஏர்பிஎன்பி வீட்டார்க்கு விண்ணப்பம் அனுப்பிச் செய்த சோதனை 2017-இல் வெளியாயிற்று. வெள்ளையர் பெயர் தாங்கிய விண்ணப்பங்களுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 50 பேர் இசைந்தனர். பிறவெல்லாம் ஒன்றாக இருக்கக் கறுப்பர் பெயருக்கு ஏறத்தாழ 42 பேரே இசைந்தனர். அந்நிறுவனம் பின்னர், 2018-இல், வீட்டார் இசைவளித்த பிறகே விருந்தினர் படம் தோன்றுமாறு மாற்றிற்று. ஆனால் பெயர் எஞ்சி நிற்கின்றது. யான் மறுத்ததும் பெயரைக் கொண்டுதான்.

"என் வீடு, யாரை ஏற்பது என்பது என் உரிமை" என்பார்க்கு விடை வேண்டும். அவ்வுரிமையில் உண்மையும் உண்டு. தனித்து வாழும் கைம்பெண் ஒருத்தி, ஒரே குளியலறையுள்ள தன் வீட்டில் பெண்டிர்க்கே இடம் என்றால் யார் பழிக்க முடியும்? படியேற இயலாத முதியவரிடம், இவ்விடம் உமக்கு ஏலாது என்று கூறுதலும் நன்றே. குடித்துக் கலகம் விளைத்தவரை மீண்டும் ஏற்காமையும் தகும். அங்ஙனமாயின் தகும் மறுப்பையும் தகா மறுப்பையும் பிரித்தறிவது எவ்வாறு?

யான் முதலில் கண்ட சோதனை இது: மறுப்பதன் காரணத்தை விருந்தினர் முகத்துக்கு நேரே சொல்லக் கூடுமா? கைம்பெண் தன் காரணத்தைச் சொல்லக் கூசமாட்டாள். யானோ, அறை காலியாக இருக்க, நிரம்பியது என்று பொய் கூற நேர்ந்தது. காரணம் அழுகியிருந்தமையாலேயே பொய்யால் மூட வேண்டியிருந்தது. ஆயினும் சிந்திக்கச் சிந்திக்க, இச்சோதனை மட்டும் போதாது என்று கண்டேன். பரோடாவில் தடியோடு வந்தவர்கள் தம் காரணத்தை முகத்துக்கு நேராகவே கூறினார்களே! நாணம் அற்றவனுக்கு வாய்மை எளிதாகும். ஆகவே இரண்டாம் சோதனை வேண்டும்: அதே காரணத்தை எனக்கும் என் தந்தைக்கும் பிறர் கூறினால் யான் ஏற்பேனா? தன்னையே உவமையாகக் கொண்டு பிறர் துன்பத்தை அறிக என்று பகவர் பலகாலும் வற்புறுத்தியது இதைத்தான். கைம்பெண்ணின் காரணத்தை என் தந்தையார் ஏற்று, வேறு வீடு தேடியிருப்பார். "உன் பிறப்பு இன்னது" என்னும் காரணத்தை அவர் பதினொரு வீடுகளிலும் ஏற்கவில்லை.

நம் சங்கத்தார் இச்சோதனையைத் தமக்கு வேண்டாததென்று எண்ணிவிடலாகாது. மறுக்கப்பட்டவன் பிறரை மறுக்கமாட்டான் என்பது தானாகவே நிகழும் காரியமன்று. பரோடாவில் இடமளிக்கத் தயங்கிய கிறித்தவ நண்பரும் பழைய சாதியை விட்டு மதம் மாறிய குடும்பத்தவரே என்பதை மறத்தல் கூடாது. சமயம் ஒரு நாளில் மாறலாம். கதவண்டை நிற்கும் பழக்கம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. இந்நகரில் யார் வீட்டார், யார் விருந்தினர் என்பதும் நிலையானதன்று. 1991 டிசம்பரில் காவிரிப் பூசலையொட்டி இங்குத் தமிழர் தாக்கப்பட்டனர். 2012 ஆகஸ்டில் வதந்தியொன்றுக்கு அஞ்சி வடகிழக்கு மாநிலத்தார் ஆயிரக்கணக்கில் குவாஹாத்தி வண்டிகளில் ஏறிச் சென்றனர். நேற்று அஞ்சியோர் யாம்; இன்று அச்சமூட்டும் கதவு எமது.

மறுநாள் காலை அந்த அசாமியருக்கு உண்மையை எழுதினேன். அறை காலியாகவே இருந்தது என்றும், யான் கூறியது பொய் என்றும், வர விரும்பினால் ஆறு நாட்களுக்கும் பணம் வேண்டா என்றும் எழுதினேன். விடை பத்து நாட்கள் கழித்து வந்தது: "வேறிடத்தில் தங்கினோம். அப்பாவின் சிகிச்சை முடிந்தது. ஊர் திரும்பிவிட்டோம். நன்றி." அவ்வளவே. மன்னித்தார் என்றோ, மன்னிக்கவில்லை என்றோ அதில் இல்லை. அதனைக் கேட்கும் உரிமை எனக்கும் இல்லை. அதுமுதல் சட்டம் வேண்டும் சான்றையன்றி வேறெதனையும் எவரிடமும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். அண்டை வீட்டார்க்கும் அதைச் சொன்னேன். அவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

நான்காவதாக ஒன்று கூறி முடிப்பேன். விருந்தினர்க்கு நாம் ஆற்றும் நன்மை வேறொருவர் செலவில் நிகழலாகாது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவினின்று காவிரி நீரை இறைத்து வாழும் நகரம் இது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நகரின் ஆழ்துளைக் கிணறுகளில் பாதியளவு வறண்டன. அத்தகைய ஊரில், மாடியில் தங்குவோர் குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்க, கீழ்த்தெருவார் குடத்தோடு நிற்றல் அறமாகாது. குளியலறையில் வாளியும் செம்பும் வைத்துக் காரணத்தையும் எழுதி ஒட்டினோம். செர்மானியத் தம்பதியர் முகங்கோணாது அதைப் பின்பற்றினர்.

வருவாய் கண்ட என் மருமகன் வேறொரு கணக்கும் காட்டினான். பின்புறச் சிறு வீட்டில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் குடும்பத்தை எழுப்பிவிட்டு, அதனையும் வழிப்போக்கர்க்கு விட்டால் மும்மடங்கு கிடைக்கும் என்றான். கணக்கு சரியே. பெருநகரங்கள் பலவற்றில் அக்கணக்கே வாடகையை உயர்த்திக் குடியிருப்போரை வெளியேற்றிற்று. அதனாலேயே நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல், முப்பது நாளுக்குக் குறைவாகத் தங்குவோர் உள்ள வீட்டில் வீட்டாரும் உடனிருத்தல் வேண்டும் என்னும் சட்டத்தை நடைமுறைப்படுத்திற்று. பார்சிலோனா நகரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028-க்குள் முடிவுறச் செய்வதாக 2024-இல் அறிவித்தது. பூட்டிக் கிடந்த அறையைத் திறத்தல் ஒன்று. குடியிருப்போரின் அறையைப் பறித்தல் மற்றொன்று. பின்வீட்டாரின் பிள்ளைகள் இருவரும் அருகிலுள்ள பள்ளியில் பயில்கின்றனர். அவர்கள் அங்கேயே இருக்கின்றனர்.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அசோக மன்னர் வழிகளில் நிழல் மரங்களும் கிணறுகளும் தங்குமிடங்களும் அமைத்தார்; அவை மனிதர்க்கும் விலங்குக்கும் பயன்படுக என்று கல்லில் பொறித்தார்; இன்னார்க்கு என்று வரம்பிடவில்லை. புகார் நகரத்து உலக அறவியில், மணிமேகலை அமுதசுரபி ஏந்தி ஊட்டியதும் அவ்வாறே. அவர்கள் விலை பெறவில்லை, யான் பெறுகின்றேன். அறைக்கும், படுக்கைக்கும், நீருக்கும் விலை உண்டு. அதனைப் பெறுவதில் இழிவில்லை. ஆனால் விருந்தினரிடம் உண்மை பேசுதல், அவர் துன்பத்தைக் கண்டு வெந்நீர் கொண்டு தருதல், அவர் பிறப்பை வினவாது கதவு திறத்தல் என்பன விலைப்பட்டியலில் இல்லை. அவற்றை ஒருவர் பணங்கொடுத்துப் பெறவும் இயலாது. பணம் பெற்றதைக் காட்டி நாம் தட்டிக் கழிக்கவும் இயலாது. வாடகை பெறும் வீட்டார்க்கு விருந்தோம்பல் அறம் எஞ்சி நிற்கும் இடம் அது. அவ்விடத்தில் யான் ஒருமுறை தவறினேன்.

அடுத்த பருவம் ஐப்பசியில் தொடங்கும். அறைகளுக்கு வெள்ளையடிக்கின்றோம். அன்பர்களுள் வீடோ அறையோ வாடகைக்கு விடுவோர், சென்ற ஓராண்டில் தாம் எவரை, எக்காரணம் கூறி மறுத்தனர் என்று ஒரு நாழிகை எண்ணிப் பார்ப்பாராக.